எட்டெழுத்து விலாசம்: ஸ்விஃப்ட் கோடு வந்த கதை



பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வெளிநாட்டில் இல்லாத வீடு நம் குடியிருப்பில் குறைவு. போன மாதம் லிஃப்டில் நண்பர் ஒருவர் கைபேசியை நீட்டிக் கேட்டார்: “சார், பையன் பணம் அனுப்ப ஸ்விஃப்ட் கோடு கேட்கிறான். பாஸ்புக்கில் ஐஎஃப்எஸ்சி கோடுதான் இருக்கிறது. அதுவும் பதினோரு எழுத்து, இதுவும் பதினோரு எழுத்து என்கிறான். அதையே கொடுத்தால் என்ன?”

மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. “கொடுக்காதீர்கள், வங்கியில் கேட்டு வாங்குங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். வங்கி வேலையில் பல வருடம் கழித்தவன் என்பதால் கொஞ்சம் பழைய கதையும் கலந்து வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடிப் பதில். ஐஎஃப்எஸ்சி என்பது நம் நாட்டுக்குள் மட்டும் செல்லும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போன்றவற்றுக்காக ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய கிளை எண் அது. முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம், கடைசி ஆறு கிளை. ஸ்விஃப்ட் கோடு உலகம் முழுவதற்குமான விலாசம். உள்ளூர்த் தபாலுக்குப் பின்கோடு போதும்; சியாட்டிலில் இருப்பவர் வெறும் பின்கோடை மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் வந்து சேருமா? அதுபோலத்தான்.

சரி, இந்த விலாசம் எங்கிருந்து வந்தது?

டெலக்ஸ் காலம்

நான் கிளார்க்காகச் சேர்ந்த 1980களில் வெளிநாட்டிலிருந்து அவசரமாகப் பணம் வரவேண்டுமென்றால் டெலக்ஸ்தான். அந்நியச் செலாவணிப் பிரிவில் ஒரு மூலையில் அந்த இயந்திரம் இருக்கும். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு காகிதச் சுருளில் அடித்துத் தள்ளும். “இன்ன தேதியில், இன்னாருக்கு, இவ்வளவு தொகை கொடுக்கவும், எங்கள் கணக்கில் பற்று எழுதிக்கொள்ளவும்” என்று வாக்கியமாக வரும். ஒவ்வொரு வங்கியும் தன் பாணியில் எழுதும். படித்துப் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும். லைன் சரியில்லாத நாளில் எழுத்து மாறி, எண் மாறி வரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டெலக்ஸ் எண் தெரிந்த யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாமே! இந்தச் செய்தி உண்மையில் அந்த வங்கியிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி?

அதற்காக இருந்ததுதான் ‘டெஸ்ட்’ எண். இரண்டு வங்கிகள் முன்கூட்டியே ரகசியப் பட்டியல் ஒன்றைப் பரிமாறிக்கொள்ளும். தேதிக்கு ஓர் எண், மாதத்திற்கு ஓர் எண், கரன்சிக்கு ஓர் எண், தொகைக்கு ஏற்ப எண்கள் என்று அதில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி வரும் விடையை டெலக்ஸில் சேர்த்து அனுப்புவார்கள். வாங்கிய வங்கியில் அதே பட்டியலை வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். விடை ஒத்துப்போனால் பணம். ஒத்துப்போகாவிட்டால் கிடையாது. அந்தப் பட்டியல் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அதிகாரிகள் மட்டுமே தொடலாம். எங்களைப் போன்ற கிளார்க்குகள் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது.

ஒரு நாள் வளைகுடாவிலிருந்து ஒரு டெலக்ஸ் வந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் தன் மனைவிக்கு அனுப்பிய பணம். வீட்டில் யாருக்கோ ஆபரேஷன். டெஸ்ட் ஒத்துப்போகவில்லை. எங்கள் அதிகாரி மறு டெலக்ஸ் அடித்துக் கேட்டார். பதில் வரவில்லை. அந்த அம்மாள் காலையில் வந்து பெஞ்சில் உட்காருவார். கவுண்டர் மூடும்வரை இருந்துவிட்டுப் போவார். “சார், பாவம் சார், பெயரும் கணக்கு எண்ணும் சரியாகத்தானே இருக்கிறது” என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “டெஸ்ட் கூடிவராத டெலக்ஸுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் திட்டினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தொகையில் ஓர் இலக்கம் லைனில் மாறியிருந்தது. சரியான தொகையை வைத்துக் கூட்டியதும் டெஸ்ட் ஒத்துப்போனது. பத்து நிமிடத்தில் அந்த அம்மாள் கையில் பணம். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

ஒரே வங்கிக்குக் கட்டுப்பட மறுத்தவர்கள்

நாங்கள் டெலக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாற்று வழி வந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி பேங்க், அதாவது இன்றைய சிட்டி பேங்க், ‘மார்ட்டி’ என்ற சொந்த முறையைக் கொண்டுவந்தது. எங்களோடு வரவு செலவு வைத்திருப்பவர்கள் இனி இந்த வடிவத்தில்தான் செய்தி அனுப்பவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. மற்ற வங்கிகள், குறிப்பாக ஐரோப்பிய வங்கிகள், இதை விரும்பவில்லை. போட்டிக்காரன் போட்ட ரோட்டில் நம் வண்டி ஓடினால், நாளைக்குச் சுங்கம் எவ்வளவு என்று அவன்தானே சொல்வான்?

1973 மே மாதம் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கின. உலக வங்கிகளுக்கிடையே நிதித் தகவல் தொடர்புக்கான சங்கம் என்பது அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் பொருள். அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்விஃப்ட்’. மாருதி கார் அதற்கு வெகு காலம் கழித்து வந்தது. லண்டனோ நியூயார்க்கோ வேண்டாம், இரண்டுக்கும் பொதுவான ஊர் இருக்கட்டும் என்று பிரஸ்ஸல்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் தலைமையகம் பிரஸ்ஸல்ஸை அடுத்த லா ஹல்ப் என்ற ஊரில்தான் இருக்கிறது. நம் பால் கூட்டுறவுச் சங்கம் போல, பயன்படுத்துகிறவர்களே சொந்தக்காரர்கள்.

நான்கு வருடம் ஆயிற்று அதைக் கட்டி முடிக்க. 1977 மே மாதம் பெல்ஜியத்தின் இளவரசர் ஆல்பர்ட் முதல் செய்தியை அனுப்பித் தொடங்கிவைத்தார். இந்தியா 1991இல் சேர்ந்தது. அந்நியச் செலாவணிக்காக நாடே தங்கத்தை அடகு வைத்த அதே வருடம். இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் 11,000க்கும் அதிகமான நிறுவனங்கள் இதில் இருக்கின்றன.

ஸ்விஃப்ட் இரண்டு காரியம் செய்தது. வாக்கியமாக எழுதியதைக் கட்டம் கட்டமான படிவமாக்கியது: தொகைக்கு ஒரு கட்டம், அனுப்புபவருக்கு ஒன்று, பெறுபவருக்கு ஒன்று. அப்போதுதான் கணினியால் படிக்க முடியும். இரண்டாவது, ஒவ்வொரு வங்கிக்கும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு பெயர் கொடுத்தது. ‘நேஷனல் பேங்க்’ என்றால் எந்த நாட்டு நேஷனல் பேங்க் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்காகப் பிறந்ததுதான் இந்தக் குறியீடு. அலுவல் பெயர் பி.ஐ.சி. ஆனால் எல்லோரும் ஸ்விஃப்ட் கோடு என்றே சொல்கிறோம்.

எழுத்துகளைப் பிரித்துப் படிப்போம்

முதல் நான்கு எழுத்து வங்கி. அடுத்த இரண்டு நாடு. அடுத்த இரண்டு இடம். இதோடு எட்டு. கிளையையும் சொல்லவேண்டுமென்றால் இன்னும் மூன்று சேர்த்துப் பதினொன்று. கடைசி மூன்றும் ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ்’ என்று இருந்தால் தலைமை அலுவலகம்.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கோடு: ஐஓபிஏ – ஐஎன் – பிபி. முதல் நான்கைப் பார்த்தாலே வங்கி தெரிகிறது. ஐஎன் இந்தியா. பிபி? பம்பாய்! தலைமையகம் நம் சென்னை அண்ணா சாலையில். ஊரின் பெயரோ 1995லேயே மும்பை ஆகிவிட்டது. கோடில் மட்டும் இன்னும் பம்பாய்தான். இந்தியன் வங்கி, ஸ்டேட் பேங்க் என்று எதை எடுத்தாலும் முடிவில் அதே ஐஎன்பிபி. 2014இல் விதியைத் திருத்தியபோது, இனி இந்த இரண்டெழுத்துக்கு ஊர் என்ற பொருள் கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் மாற்றவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

நாட்டின் இரண்டெழுத்தில் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஏயூ, ஆஸ்திரியாவுக்கு ஏடி. ஜெர்மனிக்கு ஜிஇ என்று நினைப்போம். அவர்கள் தங்கள் நாட்டை டாய்ச்லாந்து என்று அழைப்பதால் டிஇ. ஜிஇ என்று எழுதினால் அது ஜார்ஜியா. சுவிட்சர்லாந்துக்கு அதன் லத்தீன் பெயரிலிருந்து சிஎச். பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவர்கள் இந்த இரண்டெழுத்தைப் பார்த்தாலே பணம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கண்டுகொள்ளலாம். கல்லூரி ஜெர்மனியில், கோடு வேறு நாட்டில் என்றால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள்.

மறைந்துபோன வங்கிகளின் பெயர்களும் இந்தக் கோடுகளில்தான் வாழ்கின்றன. பேங்க் ஆஃப் நியூயார்க் மெலன் வங்கியின் கோடு ஐஆர்விடி என்று தொடங்கும். இர்விங் டிரஸ்ட் என்ற வங்கியின் பெயர் அது. 1988இல் பேங்க் ஆஃப் நியூயார்க் அதை விழுங்கிவிட்டது; பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இங்கிலாந்தின் மிட்லண்ட் வங்கியை எச்எஸ்பிசி 1992இல் வாங்கியது. ஆனாலும் 2018 வரை அங்கே அதன் கோடு மிட்லண்டின் எம்ஐடிஎல்தான். நம் ஊரில் அந்தக் கருணை இல்லை. 2020இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. அடுத்த வருடமே சிண்டிகேட்டின் ஸ்விஃப்ட் கோடை நிறுத்திவிட்டார்கள். இணைந்த வங்கிகளில் பழைய கணக்கு வைத்திருப்பவர்கள், பிள்ளைகளிடம் என்றோ கொடுத்துவைத்த கோடு இன்னும் செல்லுமா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

பயணம் செய்வது பணம் அல்ல

பலரும் நினைப்பது போல ஸ்விஃப்ட் வழியாகப் பணம் போவதில்லை. போவது செய்தி மட்டும்தான்.

சியாட்டிலில் இருக்கும் மகன் டாலர் அனுப்புகிறான். அவன் வங்கிக்கும் உங்கள் சென்னை வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லை. ஆனால் உங்கள் வங்கி நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். அதை நாங்கள் நாஸ்ட்ரோ கணக்கு என்போம். இத்தாலிய மொழியில் ‘எங்களுடையது’. மகனின் வங்கி அந்தக் கணக்கில் டாலரைச் சேர்க்கச் செய்கிறது. செய்தி சென்னைக்கு வருகிறது. இங்கே உங்களுக்கு ரூபாய் வரவாகிறது. டாலர் அமெரிக்காவை விட்டு நகரவே இல்லை. நடுவில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் கமிஷன் பிடிப்பதால்தான் அனுப்பிய தொகையும் வந்த தொகையும் சில சமயம் ஒத்துப்போவதில்லை.

எல்லாமே செய்தி என்பதால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, செய்தி நின்றால் எல்லாம் நிற்கும். 2012இல் ஈரான் வங்கிகளை ஸ்விஃப்டிலிருந்து துண்டித்தார்கள். 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ஏழு ரஷ்ய வங்கிகளைத் துண்டித்தார்கள். பெட்டியில் பணம் இருந்தது. விலாசம்தான் இல்லை. ஒருவருக்கும் கட்டுப்படக்கூடாது என்று தொடங்கிய சங்கம், ஒரு நாட்டையே வெளியே நிறுத்தும் கதவாகவும் ஆகிவிட்டது.

மற்றது இன்னும் பயங்கரம். செய்தியே பொய்யாக இருந்தால்?

ஓர் எழுத்துப் பிழையின் விலை

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. பங்களாதேஷின் மத்திய வங்கிக் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்திருந்தார்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பங்களாதேஷுக்கு இருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 ஸ்விஃப்ட் செய்திகள் போயின. மொத்தம் 95 கோடி டாலர். கோடு சரி, படிவம் சரி, ரகசியச் சாவி சரி. பழைய பாஷையில் சொன்னால், டெஸ்ட் கச்சிதமாக ஒத்துப்போனது.

நாளையும் கவனித்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு; பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் விடுமுறை. ஸ்விஃப்ட் செய்திகளை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள். பிரிண்டர் மக்கர் செய்வது எந்த ஆபீஸில்தான் இல்லை? ஒருவரும் உடனே சந்தேகப்படவில்லை.

நான்கு செய்திகளின் வழியாக 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது செய்தி 2 கோடி டாலரை இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பச் சொன்னது. அதில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே ‘ஓ யூ’ வரவேண்டிய இடத்தில் வெறும் ‘ஏ’ இருந்தது. ‘ஃபேண்டேஷன்’! இடையில் இருந்த டாய்ச் வங்கியில் அந்தப் பிழை கண்ணில் பட்டது. இது என்னவென்று கேட்டு பங்களாதேஷுக்குச் செய்தி போயிற்று. அந்த 2 கோடி தப்பியது. மற்ற 30 செய்திகள் நியூயார்க்கிலேயே நின்றன. பணம் போகவேண்டிய மணிலாக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். தடைப் பட்டியலில் அதே பெயரில் வேறொன்று இருந்ததால் கணினி சந்தேகப்பட்டு நிறுத்தியது. அதிர்ஷ்டம் என்று சொல்வதைத் தவிர வேறென்ன?

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி, தன் மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி நடந்ததாக அறிவித்தது. அங்கே வெளியிலிருந்து யாரும் புகவில்லை. வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்திகள் ஸ்விஃப்டில் போயின. வங்கியின் சொந்தக் கணக்குப் புத்தகமான கோர் பேங்கிங்கில் அவை ஏறவே இல்லை. ஸ்விஃப்ட் ஒரு பக்கம், பேரேடு ஒரு பக்கம். இரண்டுக்கும் இணைப்பு இல்லாததால் வருடக்கணக்கில் தெரியாமலே போனது. அதன் பிறகுதான் 2018 ஏப்ரல் 30க்குள் இரண்டையும் இணைத்தாகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது.

நாம் செய்யவேண்டியது

இப்போது அந்த வளைகுடா டெலக்ஸுக்கு வருகிறேன். டெஸ்ட் ஒத்துப்போகாததால் ஓர் அம்மாள் மூன்று நாள் காத்திருந்தார். அது தவறா என்று வெகுநாள் எனக்கு உறுத்தியது. டாக்கா செய்தியைப் பேப்பரில் படித்த அன்றுதான் அந்த அதிகாரியை முழுதாகப் புரிந்துகொண்டேன். அவர் காவல் காத்தது அந்த அம்மாளின் பணத்தையும் சேர்த்துத்தான்.

ஸ்விஃப்ட் கோடு ஒரு விலாசம். அவ்வளவுதான். பணம் எங்கே போகவேண்டும் என்று அது சொல்லும். போகலாமா என்று சொல்லாது. அந்தக் கேள்வியை ஒரு மனிதர் கேட்கவேண்டும். நம் வீட்டுப் பணத்துக்கு அந்த மனிதர் நாம்தான்.

ஆகையால் நண்பர்களே, நான்கு விஷயம். கோடை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். உங்கள் கிளையிலேயே எழுதி வாங்குங்கள். எல்லாக் கிளைக்கும் தனிக் கோடு கிடையாது. எந்தக் கிளையின் கோடைக் கொடுக்கவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அனுப்பிய பணம் வரவில்லையென்றால் பதற்றப்படவேண்டாம். ஒவ்வொரு அனுப்பலுக்கும் யூஇடிஆர் என்ற 36 இலக்க அடையாளம் உண்டு. அனுப்பியவர் தன் வங்கியில் கேட்டு வாங்கினால், பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது, நாம் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது. உள்நாட்டு நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முன்பே பார்க்கும் வசதி 2025 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. வெளிநாட்டு அனுப்பலிலும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

நான்காவதுதான் முக்கியம். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கோடுக்கு அனுப்புங்கள்” என்று கல்லூரியின் பெயரிலோ வீட்டுச் சொந்தக்காரர் பெயரிலோ மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டுக் கேட்காதீர்கள். பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் பேசி, குரலைக் கேட்டு, உறுதிசெய்த பிறகு அனுப்புங்கள். கல்லூரிக் கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் கட்டிவிடலாம். தவறான விலாசத்துக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

லிஃப்டில் கேட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வங்கியில் கோடு வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிறகு அவனைக் கூப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் டெஸ்ட் பார்த்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான்.